புசாவலில் தாஷா அடித்தவன்

நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே புசாவல் வரைக்கும் போய், அங்கே நடந்த ஒரு ஹாக்கி மேட்ச்சுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷப்பட வேண்டாம். மேட்ச் பார்க்க அவ்வளவு தூரம் போகிறவனைக் கிறுக்கன் என்பார்கள். மேட்ச்சைப் பார்க்காமல் இருப்பதற்காக அவ்வளவு தூரம் போனவனுக்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியாது. என் மனைவி வசந்தாவுக்குத் தெரியும், ஆனால் அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பேய் பிசாசு சமாசாரம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. புனாவில், கிர்க்கி என்று நாங்கள் சொல்லும் கட்கியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆர்டனன்ஸ் ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். எங்கள் லைன் வீடுகளுக்குக் கொஞ்ச தூரத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதன் சுவரோரம் உட்கார்ந்துதான் நான் பீடி குடிக்கவே கற்றுக்கொண்டேன், ஒரு சிப்பாயும் எழுந்து வந்து நெருப்பு கேட்டதில்லை. ஆக அந்த பயம் எல்லாம் கிடையாது. ஆனால் நான் கண்ணால் பார்த்தால் எங்கள் டீம் தோற்கும் என்பதை மட்டும் சத்தியமாக நம்பினேன். நான் மட்டுமா, எங்கள் லைனில் நாய் முதற்கொண்டு நம்பியது.

கிர்க்கித் தமிழர்களுக்கு ஹாக்கி என்றால் என்ன என்று வெளியாளுக்குப் புரியவைப்பது கஷ்டம். கிரிக்கெட்டை டிவியில் பார்ப்போம், ஹாக்கியைக் கூடவே போய்ப் பார்ப்போம். எங்கள் லைன் பையன்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள், பச்சை ஜெர்சி, பாதிப் பேர் ஜெர்சியில் நம்பர் உதிர்ந்திருக்கும். கோலாப்பூர், மிரஜ், சோலாப்பூர், நாக்பூர் என்று எங்கே கோப்பைக்கு ஆடப் போனாலும் பின்னாலேயே நாங்களும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறிவிடுவோம். எலுமிச்சம் சாதப் பொட்டலம், சீட்டுக்கட்டு, கட்சி கட்டிப் பாட்டு. லீவுக்காக ஒரே சித்தப்பாவை மூன்று தரம் சாகடித்தவன் எல்லாம் எங்கள் கூட்டத்தில் உண்டு. நான்தான் அது. மூன்றாவது தரம் சூப்பர்வைசர் எழுந்து நின்று என் கையைப் பிடித்து, "அவரு ரொம்ப நல்லவரு, அடிக்கடி செத்துப்போறாரு" என்றார்.

இந்தக் கூட்டத்தில் என் வேலை தாஷா அடிப்பது. கணபதி ஊர்வலத்தில் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மெல்லிய குச்சியால் அடிப்பார்களே, அந்தச் சின்ன மேளம்தான். தாக்கும்போது ஒரு அடி, நம் கோலைக் காக்கும்போது ஒரு அடி, கோல் விழுந்தால் காது கிழிகிற மாதிரி தனி அடி. அந்த மூன்றாவது அடியை நான் வெளியூரில் அடித்ததே அபூர்வம். கோலாப்பூரில் நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தோம், பஸ் பஞ்சராகி நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், கேட்டுக்குள் கால் வைத்த நேரத்திலிருந்து வரிசையாக மூன்று வாங்கினோம். மிரஜில் எங்கள் கோலியே, அதுதான் கோல்கீப்பர், என்னிடம் வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, தன் கண்ணில் படுகிற மாதிரி நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஒரு தடவை எனக்கு அம்மைக்கட்டு வந்து கன்னம் வீங்கி வீட்டில் கிடந்தேன், அன்றைக்கு சோலாப்பூரில் ஏழு கோல் போட்டார்கள். என் பெயர் ஏழுமலை. அதற்கப்புறம் ஏழரை.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவன் தாமு. ஃபாக்டரியில் கிரேன் ஓட்டுகிறவன், மேலேயே உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ கீழே இருக்கிறவர்களோடு அதிகம் பேசமாட்டான். ஒரு வார்த்தையில் முடிகிற பதிலுக்கு இரண்டு வார்த்தை செலவு செய்ய மாட்டான். அவன்தான் தீர்ப்பு சொன்னான்.

"ஏழர வரக்கூடாது."

"தாஷா யாருடா அடிப்பான்?" என்று நான் கேட்டேன்.

தாமு யோசித்தான். அதுதான் நியாயமான கேள்வி, ஏனென்றால் மற்றவன் அடித்தால் தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி இருக்கும். கடைசியில் சொன்னான், "வா. ஆனா பாக்காத."

இப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. கேலரியில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் படிக்குக் கீழ்ப்படியில் நான் அவர்களைப் பார்த்து உட்கார வேண்டும், முதுகு மைதானத்துக்கு. மேட்ச் முடிகிற வரைக்கும் திரும்பவே கூடாது. தாமுவின் புருவம் ஏறினால் தாக்கும் அடி, உதடு மடிந்தால் காக்கும் அடி. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் இரண்டு மூன்று மேட்ச்சில் எனக்கு அது பழகிவிட்டது. பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் கோட்டைவிட்டான் எல்லாமே முகத்தில் தெரியும். நூறு முகம் ஒரே சமயத்தில் இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் திரும்பும், வயலில் காற்று அடிக்கிற மாதிரி. உலகத்திலேயே ஹாக்கியை முகத்தில் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

இப்போது வசந்தா விஷயம். எங்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அந்த வருத்தத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. இரண்டாவது தரித்தபோது டாக்டரம்மா ரயில் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு வேலூர் போகாமல் இங்கேயே இருந்தாள். மாமியார் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றார்கள். அப்போதுதான் எங்கள் டீம் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு ஃபைனலுக்கு வந்து தொலைத்தது. புசாவலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

நான் கேட்பதற்கு முன்னாலேயே வசந்தாவுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் நான் காலையிலிருந்து தண்ணீர் பிடித்து வைத்தேன், பாத்திரம் கழுவினேன், தாஷாவை மட்டும் பார்க்காமலே நடந்தேன்.

"போய்ட்டு வாங்க. பக்கத்து வீட்ல ஷிண்டே காக்கூ இருக்காங்க" என்றாள். காக்கூ என்றால் மராட்டியில் சித்தி. அப்புறம், "ஆனா இந்த தடவ நான் தனியா இருக்க மாட்டேன். அத மட்டும் பாத்துக்குங்க" என்றாள். போன தடவை ஆஸ்பத்திரியில் அவள் தனியாக இருந்தாள், நான் ஷிஃப்ட்டில் இருந்தேன். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே புனாவிலிருந்து மன்மாட் போகிற வரைக்கும் அந்தச் சொல் என் காதில் கிடந்து குடைந்தது. கூட்டம் பாடுகிறது, நான் தாஷா அடிக்கிறேன், குச்சி தப்பித் தப்பி விழுகிறது. "இன்னாடா, தாளம் தப்புது" என்று ஒருத்தன் கேட்டான். குளிர் என்றேன். ஏப்ரல் மாதம்.

புசாவல் வெயிலைப் பற்றி எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். ரயில்வே மைதானம், ஒரு பக்கம் மட்டும் கல் படி வைத்த கேலரி, மேலே ஷாமியானா. மற்றவர்களுக்கு நிழல். நான் அவர்களைப் பார்த்து உட்கார்ந்ததால் ஷாமியானாவுக்கு மேலாக சாயங்கால வெயில் நேராக என் கண்ணில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தண்ணீர் வழிய, அழுகிற மாதிரியே அடித்துக்கொண்டிருந்தேன். எதிர் டீம் உள்ளூர் டீம், கூட்டமும் உள்ளூர்க் கூட்டம். ஆரம்பித்தவுடனேயே ஒரு கோல் வாங்கினோம், முகங்களில் பார்த்தேன், எங்கள் ஆட்கள் நாலு வரிசை செத்துப்போக, பின்னால் நானூறு பேர் எழுந்து குதித்தார்கள். தாமு என்னையே பார்த்தான். "நான் திரும்பலடா" என்றேன். அவன் மோவாயால் தாஷாவைக் காட்டினான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் நம்புவதில்லை.

முகங்கள் எல்லாம் இடது பக்கம் போயின, வலது பக்கம் வந்தன, மறுபடி இடது பக்கம் போயின. அப்புறம் நடுவில் வந்து நின்றன. நின்று, கொஞ்சம் கீழே இறங்கி, என்னைப் பார்த்தன. எங்கள் நாலு வரிசை, அதற்குப் பின்னால் உள்ளூர்க்காரர்கள், மேல் படியில் குடை பிடித்திருந்த பொம்பளைகள், வேர்க்கடலை விற்கிறவன், எல்லோரும் என் முகத்தை. தாமுவும் பார்த்தான், ஆனால் அந்தப் பார்வையில் என்னைத் தெரிந்த குறி இல்லை. சத்தமே இல்லை. என் கை பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்கலாம். அப்புறம் எல்லா முகமும் ஒன்றாக வலது பக்கம் போய்விட்டன, கூச்சல் திரும்ப வந்தது.

பந்து எனக்கு நேர் பின்னால் கோட்டருகே வந்திருக்கும், அதைப் பார்த்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு விசாரித்ததில் அந்தச் சமயத்தில் ஆட்டம் முழுக்க எங்கள் கோல் பக்கமே இருந்ததாம், நடுவுக்குப் பந்து வரவே இல்லையாம். அது பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். உடம்பு முழுக்க எறும்பு ஊருகிற மாதிரி, செருப்புக்குள் கால் நிற்கவில்லை. தாஷாவைக் கழற்றி படியில் வைத்தேன்.

"தாமு, ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, கையை மட்டும் ஆட்டினான். நான் மைதானம் கண்ணில் படாமல் கேலரி ஓரமாகப் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து கேட் வரைக்கும் போனேன். கேட் குறுகல். யாரோ ஒருத்தன் உள்ளே வந்தான், தலையைக் குனிந்துகொண்டு போன நான் அவன் தோளில் இடித்தேன். "சாரி" என்றேன். அவனும் "சாரி" என்றான். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி, எனக்கு நான் சொன்னதே இரண்டு தரம் கேட்ட மாதிரி இருந்தது. யாரென்று திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் திரும்பினால் மைதானம் கண்ணில் படும், டீம் தோற்கும். அதனால் நான் திரும்பவில்லை. இப்போது யோசித்தால், என் வாழ்க்கையில் நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான், அங்கே போய் விரதம் காத்திருக்கிறேன்.

ஒண்ணுக்குப் போகிற இடத்தைத் தாண்டிப் போனேன். சோடாக் கடையைத் தாண்டினேன். ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு அது என்பதே பாலம் வந்தபோதுதான் தெரிந்தது. ஏன் போகிறேன் என்று நின்று ஒரு தரம் கேட்டுக்கொண்டேன், கால் மறுபடி நடந்தது. மத்தியானமே போயிருக்க வேண்டிய புனா வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதில் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை, எங்கள் பக்கத்தில் ரயில் தாமதமாக வருவது இயற்கை. நான் ஏறினதும் கிளம்பியது. அதைப் பற்றி மட்டும் நான் அதிகம் யோசிப்பதில்லை.

வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். முதல் ஃபைனல், பாதியில் ஓடி வந்துவிட்டேன், தாஷாவும் அங்கே, சாப்பாட்டுப் பையும் அங்கே. ஒன்றுமில்லாமல் போய் நின்றால் வசந்தா சிரிப்பாள், தாமு கொல்லுவான். அவள் சிரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி எழுந்ததில், எதிரில் இருந்த சிங்ஜி, "பாயி சாப், ஒன்று உட்காரு, இல்லை இறங்கு" என்று இந்தியில் கெஞ்சினார்.

விடியும்போது புனா. லோக்கல் பிடித்துக் கிர்க்கி. வீட்டுக் கதவு உள்ளே தாழிடாமல் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் பூட்டு. எங்களுக்கு எல்லாமாக இருந்த ஷிண்டே காக்கூ, அண்ணிக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து முதல் நாள் சாயங்காலம் தௌண்ட் போயிருந்தாராம்.

வசந்தா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, வாசற்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புடவை நனைந்திருந்தது. கத்திப் பார்த்திருக்கிறாள், லைனில் பாதிப் பேர் புசாவலில், மீதிப் பேர் முதல் ஷிஃப்ட்டில், பொம்பளைகள் லைன் கோடித் தண்ணீர்க் குழாயில். என்னைப் பார்த்து அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"வந்துட்டீங்களா" என்றாள், நான் கடைக்குப் போய்விட்டு வந்த மாதிரி.

ஆட்டோவில் கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து, "நல்ல வேளை, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நேரம் ஆகும், காத்திருங்கள் என்றார். காத்திருந்தேன். காலை போய் மத்தியானம் வந்தது. அந்த வராந்தாவின் சிமென்ட்டை நடந்தே தேய்த்திருப்பேன். மத்தியானத்துக்கு மேல் ஷிண்டே காக்கூ படியேறி வந்தார், கையில் ஒரு தூக்கு, சின்ன டப்பா நிறையப் பேடா, வாயெல்லாம் சிரிப்பு. நேராக வந்து ஒரு பேடாவை என் வாயில் திணித்தார்.

"முல்கி ஜாலி ரே. லக்ஷ்மி ஆலி" என்றார். பெண் பிறந்திருக்கு, லட்சுமி வந்திருக்கு.

"இன்னும் பிறக்கல காக்கூ" என்றேன் பேடாவோடு.

காக்கூ என்னை முறைத்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "அரே, தூச் சாங்கித்லஸ் நா" என்றார். நீதானே சொன்னாய் என்று அர்த்தம். தௌண்டிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தாராம். எங்கள் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேனாம், கதவுப் பக்கம் பார்த்து, முதுகு தெரிய, தாஷாவைக் கொண்டியில் மாட்டிக்கொண்டு. வசந்தா எங்கே என்று கேட்டாராம். ஆஸ்பத்திரி என்றேனாம். என்ன குழந்தை என்று கேட்டதற்கு "முல்கி" என்றேனாம். ஏன் முகத்தைக் காட்டாமல் போகிறாய், பெண் என்று வருத்தமா என்று காக்கூ திட்டினாராம், நான் பதில் சொல்லாமல் லைன் கோடிக்கு நடந்து போய்விட்டேனாம். அந்தக் கோபத்தில்தான் வேண்டுமென்றே பெரிய பேடாவாக வாங்கி வந்தாராம்.

எனக்கு அந்தப் பேடாவை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பிறந்தது.

ராத்திரி வசந்தாவுக்கு மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு ஓடியபோது பார்த்தேன். கொண்டியில் தாஷா தொங்கியது, குச்சிகள் வாரில் செருகியிருந்தன. நான் செருகுகிற மாதிரியேதான். தொட்டேன். தோல் சூடாக இருந்தது, அடித்து முடித்து அப்போதுதான் வைத்த மாதிரி. வெயிலில் தொங்கிய சூடு என்பீர்கள். எங்கள் வாசலுக்கு வெயிலே வராது. புடவையை எடுத்துக்கொண்டு, தாஷாவை அங்கேயே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை தாமுவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள், கோப்பையோடு. ஆமாம், ஜெயித்திருந்தார்கள். மூன்றுக்கு ஒன்று. தாமு கட்டிலுக்குக் கீழே கோப்பையை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"ஸ்டேஷன்ல சொல்லாம போய்ட்ட" என்றான்.

"எந்த ஸ்டேஷன்ல?"

"புனாலதான். வண்டி நிக்கிறதுக்குள்ள எறங்கிட்ட. கூப்டோம், திரும்பியே பாக்கல."

கூட வந்தவன் ஆரம்பித்தான். "இன்னாடா ஏழர, ஒனக்கு இன்னா ஆச்சு அன்னிக்கி? ஒண்ணுக்குப் போய்ட்டு ஒடனே வந்து ஒக்காந்த, அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. எவனையும் கலாய்க்கல. நானே தாமுகிட்ட சொன்னேன், இவனுக்கு வெயில் ஏறிக்கிச்சுன்னு. ஆனா அடிச்ச பாரு அடி. தாமு புருவத்த நீ பாக்கவே இல்ல. மூணு கோலுக்கும், கோல் விழறதுக்கு முன்னாடியே கோல் அடி அடிச்சுட்ட. மொத தடவ அந்த ஊர்க்காரனுங்க சிரிச்சானுங்க. மூணாவது தடவ நீ குச்சிய தூக்குனதுமே அவனுங்க கோலி ஒன்னத்தான் பாத்தான், பந்தப் பாக்கல."

நான் சொன்னேன், "டேய், நான் அங்க இல்ல. பாதியிலயே கெளம்பி வந்துட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சொல்வதை யாரும் நம்பாமலிருப்பது ஆயுள் முழுக்க நான் விட்ட கப்ஸாவுக்குக் கிடைத்த சம்பளம், அதில் எனக்குக் குறை இல்லை. ஒருத்தன் என் முதுகில் தட்டி, "பொண்ணு பொறந்ததும் புளுகு கொறையும்னு பாத்தேன்" என்றான். அப்போது கட்டிலிலிருந்து வசந்தா, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அண்ணா, அவரு நேத்து விடியகாலமே வந்துட்டாரு. என்ன தூக்கிகினு வந்ததே அவருதான். அப்பலருந்து ராத்திரி வரைக்கும் இந்த வராந்தாலதான் இருந்தாரு, எல்லா நர்ஸும் பாத்தாங்க."

சிரிப்பு நின்றது. தாமு குனிந்து கோப்பையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தான், குழந்தைக்கு அருகில் அது வேண்டாம் என்கிற மாதிரி. அப்புறம் அவனாகவே பேசினான், அதுவே ஒரு அதிசயம்.

"மூஞ்சி ஒன் மூஞ்சிதான். ஆனா வெயில்ல கண்ணு சுருங்கல."

மீதியைக் கூட வந்தவன் சொன்னான். ராத்திரி முழுக்க அந்த இன்னொருத்தன் அவர்களோடு ஒரே பெட்டியில், ஜன்னலோரம், வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தானாம். எலுமிச்சம் சாதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டானாம், பிரிக்கவில்லையாம்.

நான் இதற்கு ஆயிரம் விளக்கம் கண்டுபிடித்துப் பார்த்தேன். புசாவலில் என்னைப் போலவே ஒருத்தன் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தாஷாவும் தெரியும், எங்கள் அடியும் தெரியும், என் வீடும் தெரியும். சரி. என் பெண் பிறப்பதற்கு முன்னால் அது பெண் என்று அவனுக்கு யார் சொன்னது? வசந்தாவிடம் ஒரு நாள், "ஒருவேள அங்க ஒக்காந்திருந்தவன்தான் நான், ஒன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தவன் வேற எவனோ" என்று வம்புக்குச் சொன்னேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "எனக்கு வந்தவரு போதும்" என்று சொல்லிவிட்டாள். சிரிக்கவில்லை. நானும் அந்த வம்பை அத்தோடு விட்டேன்.

எல்லாவற்றையும் மறந்திருப்பேன், அந்தப் போட்டோ மட்டும் இல்லையென்றால். ஜெயித்ததும் மைதானத்தில் எடுத்தது, எங்கள் கிளப் அறையில் கேரம் போர்டுக்கு மேலே இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. நடுவில் கோப்பை, பச்சை ஜெர்சிகள், எல்லோரும் பல் தெரிய கேமராவைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒருத்தன் மட்டும், கழுத்தில் தாஷா வாரோடு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். என் கட்டம் போட்ட சட்டை. என்னிடம் இருந்தது அந்த ஒரு கட்டச் சட்டைதான், மறுநாள் விடியற்காலையில் வசந்தா பிடித்துக் கசக்கியதும் அதே சட்டைதான். போட்டோக்காரர் திரும்பச் சொல்லிக் கத்தினாராம், திரும்பவில்லையாம். விரதம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம்.

அந்தப் பின்மண்டையில், உச்சிக்குக் கொஞ்சம் இடது பக்கம், ரூபாய் நாணய அளவுக்கு ஒரு வழுக்கை. அப்போது எனக்குக் கரடி மாதிரி முடி. அதைக் காட்டித்தான், "பாருங்கடா, இவன் நான் இல்லை" என்று எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது. யாரோ ஒரு வழுக்கையன், போகட்டும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிர்க்கி பஜாரில் முடி வெட்டி முடித்த சலூன்காரர் வழக்கம் போலப் பின்னால் கண்ணாடியைக் காட்டினார். உச்சிக்குக் கொஞ்சம் இடது பக்கம். ரூபாய் நாணயம். அதே வடிவம், ஓரத்தில் அந்தச் சின்ன வெட்டு உட்பட. நான் சலூன் துண்டோடே கிளப்புக்கு ஓடினேன், ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடியும் கையுமாக நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த அறைக்கு நான் போவதில்லை. சலூனில் பின்கண்ணாடி காட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புசாவலுக்கு அப்புறம் நான் வெளியூர் மேட்ச் எதற்கும் போகவில்லை. எங்கள் டீமும் வேறு ஃபைனலுக்கு வரவில்லை. இப்போது அந்தப் பையன்களின் தம்பிகள் ஆடுகிறார்கள், போன மாதம் நாக்பூரில் ஒரு ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். தாமு வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "வரணும்" என்றான். தாஷாவுக்குப் புதுத்தோல் போட்டு அவனே கையில் கொண்டுவந்திருந்தான்.

எனக்கு உள்ளுக்குள் பழைய எறும்பு ஊர ஆரம்பித்தது. போகவும் ஆசை, போகவும் பயம். நான் அவனிடம் கேட்டேன். "தாமு, வரேன். ஒங்க எதுருலயே ஒக்காந்து அடிக்கிறேன். ஆனா நடுவுல எழுந்து போய்ட்டு வந்தேன்னு வெச்சுக்க, திரும்ப வந்து ஒக்காந்தது நான்தான்னு நீ எப்படிடா கண்டுபுடிப்ப?"

தாமு தாஷாவை என் கையில் கொடுத்தான்.

"தோத்தா நீ."